விற்பனை ஏறுகிறது, கையில் காசு நிற்கவில்லையா? எல்லையோரச் சிறுதொழிலுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் தொழில் செய்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சந்தை உண்டு. கிழக்கே தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை. மேற்கே ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளத்தின் தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான். அதனால் மலை தாண்டிப் போய் விற்பது இங்கே யாருக்கும் புதுசில்லை. இரண்டு பக்கமும் நம் சரக்கைக் கேட்கிறார்கள் என்பது பெரிய பலம். ஆனால் யார் எதைக் கேட்டாலும் சரி சொல்லிக்கொண்டே போகும்போதுதான் தொழில் உள்ளுக்குள் மெலிகிறது.

நான் இந்தப் பகுதியில் சிறுதொழில்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். சிப்ஸ் போடுபவர்கள், மசாலா அரைப்பவர்கள், நைட்டி தைப்பவர்கள், காய்கறி லோடு அனுப்புபவர்கள் என்று பலருடைய நோட்டையும் பார்த்திருக்கிறேன். தொழில் நகராமல் நிற்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, இன்னும் எதைச் சேர்க்கலாம் என்பதுதான். எதை நிறுத்தலாம் என்று முதலில் பார்த்தால், பல இடங்களில் புதுக் கடன் வாங்கும் தேவையே வராது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மாத வரவு செலவாவது லைன் வாரியாக, அதாவது வண்டி சரக்கு போட்டு வரும் வழி வாரியாக, ஒரு நோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே எழுத ஆரம்பியுங்கள், ஒரு மாதம் கழித்து இதைத் திறங்கள். கணக்கு இல்லாமல் கைவைத்தால் நல்லதையும் சேர்த்து நிறுத்திவிடுவீர்கள்.

அறிகுறி: மாதாமாதம் விற்பனை கூடுகிறது, சனிக்கிழமை கூலி கொடுக்கக் காசு இல்லை

முதலில் பார்க்க வேண்டியது தூரத்து லைன். மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அந்த ஒரு லைனைத் தனியாக எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சிப்ஸ் தொழிலை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டையிலிருந்து வாரம் ஒரு நாள் வண்டி புனலூர் போய் வருகிறது. போகவர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், அதில் பாதி மலைப்பாதை. ஒரு லோடு 18,000 ரூபாய் விற்பனை. வாழைக்காய், எண்ணெய், கவர், கூலி எல்லாம் போக நூற்றுக்கு 22 நிற்கிறது என்று வைத்தால் 3,960 ரூபாய். இதில் டீசல் 1,100. டிரைவர் சம்பளமும் படியும் 1,000. நமத்துப் போய்த் திரும்பி வந்த பாக்கெட் 900. கடைக்காரர் கழித்துக்கொள்ளும் தள்ளுபடி 360. மிஞ்சுவது 600 ரூபாய், மாதம் நான்கு லோடுக்கு 2,400.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள், லாபம்தானே என்று. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. அந்த லைனில் எத்தனை லோடு பணம் வெளியே நிற்கிறது? ஐந்து லோடு என்றால் 90,000 ரூபாய். அந்தப் பணத்தை நீங்கள் இரண்டு வட்டிக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தால் மாதம் 1,800 வட்டி. ஆக, மாதம் 72,000 ரூபாய் விற்று, நான்கு நாள் மலை ஏறி இறங்கிக் கையில் நிற்பது 600 ரூபாய். வண்டி ஒருமுறை பஞ்சரானால் அதுவும் இல்லை.

சரி, உடனே லைனை நிறுத்திவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். லைனை நிறுத்தினால் உண்மையிலேயே எந்தச் செலவு நிற்கும் என்று பாருங்கள். டீசல் நிற்கும், ரிட்டர்ன் நிற்கும், வட்டி மெல்ல மெல்ல இறங்கும். ஆனால் டிரைவர் மாதச் சம்பளக்காரர் என்றால் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்தச் செலவு ஓடும். வண்டித் தவணையும் அப்படியே. அவரை அந்த நாளில் தென்காசி, கடையநல்லூர் பக்கம் அனுப்ப வேலை இருக்கிறதா? இருந்தால் நிறுத்துவதில் அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் சேமிப்பு நீங்கள் நினைத்ததில் பாதிகூட வராது.

அதனால் மூன்று வழிகளை இந்த வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் லைனைச் சுருக்குவது: கடை வாரியாகக் கடைசி ஆறு வாரத்தை எழுதி, ரிட்டர்ன் அதிகமும் வசூல் குறைவும் உள்ள கடைகளை மட்டும் விடுவது. பெரும்பாலும் வழியில் சின்னச் சின்னதாய் இருக்கும் கடைகள்தான் நேரத்தைத் தின்னும். அதில் சரியாகவில்லை என்றால், புனலூரிலேயே ஒரு மொத்த வியாபாரிக்கு விலையைக் கொஞ்சம் குறைத்து, ரொக்கத்துக்குக் கொடுப்பது. பாக்கெட்டுக்கு லாபம் குறையும், ஆனால் ரிட்டர்னும் கடனும் உங்கள் தலையிலிருந்து இறங்கும். இரண்டும் நடக்காவிட்டால்தான் முழுக்க நிறுத்துவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகலாமே என்று சிலர் கேட்பார்கள். துணிக்கு அது சரி. சிப்ஸ், முறுக்குக்கு அது ரிட்டர்னைத்தான் கூட்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுத்த பிறகு கையில் நிற்கும் தொகையைச் சுவரில் எழுதுங்கள். எட்டு வாரத்தில் அது ஏற ஆரம்பிக்க வேண்டும். விற்பனை எண் குறைந்ததைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

அறிகுறி: கடைக்காரர் போனை எடுப்பதில்லை

"அடுத்த ஆழ்ச்ச தராம், அண்ணாச்சி." அடுத்த வாரம் தருகிறேன் என்று மலையாளத்தில் சொல்லும் இதைக் கேட்காத வியாபாரி நம் பக்கம் யாரும் இருக்க மாட்டார். நம் பக்கத்துக் கடையிலும் இதே பேச்சுதான், மொழிதான் வேறு.

ஒவ்வொரு கடைக்கும் பாக்கி எவ்வளவு என்று எழுதுவதைவிட, பணம் வராத மிகப் பழைய பில்லின் தேதி என்ன என்று எழுதுங்கள். 15 நாளுக்குள் இருந்தால் அப்படியே தொடரலாம். அதற்கு மேல் போயிருந்தால் பில்லுக்குப் பில்: போன லோடின் பணம் கையில் வந்தால்தான் இந்த லோடு இறங்கும். பழைய பாக்கியை ஒரே தவணையில் கேட்டால் அவர் ஓடிவிடுவார். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு லோடிலும் ஐந்நூறோ ஆயிரமோ சேர்த்து வாங்குங்கள். இதற்கும் ஒத்துவராத கடைக்குச் சரக்கை நிறுத்துங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை பாக்கி விவரத்தை எழுதி அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்கி வையுங்கள்.

வாங்குபவர் பெரிய சூப்பர் மார்க்கெட் என்றால் சட்டமும் துணைக்கு உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனமாக உதயம் (Udyam) என்ற மத்திய அரசுப் பதிவு உள்ள உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. முறையீட்டை உங்கள் மாநிலத்து குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்திலேயே (MSEFC) கொடுக்கலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. உதயம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை இல்லை. சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

மூவாயிரம் ரூபாய் பெட்டிக்கடை பாக்கிக்கு யாரும் மன்றம் போகப் போவதில்லை. அங்கே நிறுத்த வேண்டியது கடன் கொடுக்கும் பழக்கத்தைத்தான்.

அறிகுறி: குடோன் நிறையச் சரக்கு, கடைக்காரர் கேட்டது மட்டும் இல்லை

இது ஐட்டம் கூடிப்போனதன் அடையாளம். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸில் ஆரம்பித்தது, மரவள்ளி, பாகற்காய், சக்கை (பலா) வற்றல், ஆறு வகை முறுக்கு, மிளகு போட்டது, பூண்டு போட்டது என்று 24 வரைக்கும் போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த கவர் வேண்டும். கவர் அடிப்பவர் குறைந்த அளவுக்கு இறங்கி வர மாட்டார். அதனால் விற்காத ஐட்டத்தின் கவரில் ஒரு தொகை எப்போதும் முடங்கிக் கிடக்கும். சிலர் மலையாளத்தில் தனிக் கவர் அடித்திருப்பார்கள், அதில் இரட்டிப்பு முடக்கம். ஸ்டிக்கர் ஒட்டினாலே போதும் என்ற இடத்தில் அச்சடித்த கவர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா ஐட்டத்தையும் மாத விற்பனை வரிசையில் எழுதுங்கள். மேலே உள்ள சிலது பெரும்பகுதியைத் தருவதும் கீழே நீளமாய் ஒரு வால் இருப்பதும் தெரியும். இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரெடோ பரேட்டோ நிலவுடைமையில் கண்ட இந்தச் சாய்வைத் தொழிலுக்குப் பொருத்திக் காட்டியவர் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் ஜோசப் ஜூரான். எண்பது-இருபது என்ற அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான்.

வாலை வெட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். நம் இடத்தின் விசேஷமே இங்கேதான். தீபாவளியும் பொங்கலும் கிழக்குப் பக்கம். ஓணமும் விஷுவும் மேற்குப் பக்கம். ஜூன் தொடங்கிச் சாரல் விழும்போது குற்றாலம். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகப் போவதும் வருவதும். பிப்ரவரி மாதக் கணக்கை மட்டும் பார்த்துச் சர்க்கரைவரட்டியை (வெல்லப் பாகில் புரட்டிய நேந்திரங்காய்த் துண்டு) வெட்டினால் ஓணத்தில் கை பிசைவீர்கள். அதை ஓணத்துக்கு மட்டும், ஆர்டர் எடுத்து, ரொக்கத்துக்குப் போடுவது சரி. ஆண்டு முழுக்கப் போட்டு வைப்பதுதான் தப்பு. ஓணத்துக்கு முன்பு நேந்திரங்காய் விலையும் ஏறும், ஆகவே விலை பேசிவிட்டுத்தான் ஆர்டரில் கைவைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தனியாக விற்காவிட்டாலும் மற்றதைக் கூட்டிக்கொண்டு வரும் ஐட்டம் ஒன்றிரண்டு இருக்கும். பாகற்காய் சிப்ஸ் பத்துப் பாக்கெட்தான் போகும், ஆனால் அதைக் கேட்டு வருபவர் கூடவே இரண்டு கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் எடுப்பார். பில் புத்தகத்தைப் புரட்டினால் இது தெரியும். அதை வையுங்கள்.

மீதியைப் படிப்படியாக நிறுத்துங்கள். முதல் மாதம் உற்பத்தி மட்டும் நிற்கட்டும், இருப்பு விற்கட்டும். எத்தனை பேர் தேடிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அச்சையும் கவரையும் ஏறக்கட்டிவிடலாம். வாழைக்குப் பக்கக்கன்றை எடுத்துவிட்டால்தான் தார் தேறும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும், எடுக்கும்போது அவர்களும் தயங்குவதில்லை.

அறிகுறி: எல்லை தாண்டி விற்க ஆரம்பித்ததிலிருந்து தாள் வேலையே ஓயவில்லை

இதில் சட்டம் தெளிவானது, தெரியாமல்தான் பலர் சிக்குகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர், அதாவது ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள உற்பத்தியாளர் ஒரு சதவீதம் கட்டி முடித்துக்கொள்ளும் திட்டத்தில் இருப்பவர், மாநிலம் தாண்டி விற்கவே முடியாது. லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய இணையவழிச் சீட்டான ஈ-வே பில்லும் உண்டு. புதிய காய்கறி மட்டும் விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு வரியே கிடையாது.

இப்போது கேள்வி இதுதான்: மேற்குப் பக்கம் நிற்கும் லாபம், அதற்காக எடுத்த வழக்கமான பதிவின் செலவைத் தாங்குகிறதா? கணக்கு எழுதுபவருக்குக் கொடுப்பது, உங்கள் நேரம், தாமதக் கட்டணம், தொகுப்பு வரியில் இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகை எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் அறிகுறியில் போட்ட கணக்குப்படி மாதம் 600 ரூபாய்தான் நிற்கிறதென்றால் பதில் உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் கேரள லைனை விட்டுவிட்டு, தென்காசியில் வழக்கமான பதிவு உள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு விற்கலாம். அவர் அனுப்பிக்கொள்வார். நீங்கள் தொகுப்பு வரியில் இருந்தால் அவருக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அதனால் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். அதையும் கணக்கில் சேருங்கள். வழக்கமான பதிவிலிருந்து தொகுப்புக்கு மாற, அடுத்த நிதியாண்டுக்கு மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பவும் வேண்டியிருக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பில் இல்லாமல் அனுப்புவது இதற்குத் தீர்வு இல்லை. வரிச் சோதனைச் சாவடி 2017 ஜூலையோடு போய்விட்டாலும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் போகவில்லை.

மேற்குப் பக்கம்தான் உங்கள் பெரிய சந்தை என்றால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பதிவை வைத்துக்கொண்டு கிழக்கே உள்ள சிறு லைனை விடுங்கள். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: தள்ளுபடியை எடுத்தால் விற்பனை விழுந்துவிடுமோ என்று பயம்

நூறு ரூபாய்க்கு 25 நிற்கும் பொருளில் பத்து ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 15. முன்பு 100 பாக்கெட் விற்று எடுத்ததை எடுக்க இப்போது 167 விற்க வேண்டும். உங்கள் தள்ளுபடி அந்த அளவு விற்பனையைக் கூட்டியதா என்று பாருங்கள். கூட்டவில்லை என்றால் ஒரு லைனில் மட்டும் நான்கு வாரம் தள்ளுபடியை நிறுத்திப் பாருங்கள். போகிற கடைகள் எவை என்று அப்போது தெரிந்துவிடும்.

அறிகுறி: காலை ஐந்து மணிக்கு எழுந்தும் எதுவும் முடிவதில்லை

இரண்டு வாரம், அரை மணிக்கு ஒரு வரி, செய்த வேலையை எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதைச் செய்யாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார் என்று எழுதுங்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார் என்ற வரிகள்தான் நிறுத்த வேண்டியவை. தினமும் ரீல்ஸ் போடுவது, அரைக் கிலோ ஆர்டருக்காக இலஞ்சி வரை வண்டி எடுப்பது, எந்தச் சங்கத்துக் கூட்டம் என்றாலும் போய் உட்காருவது எல்லாம் இதில் வரும்.

வீட்டுப் பெண்கள் நடத்தும் தொழிலில் இது இன்னும் கடுமை. தெரிந்தவர்கள் என்பதற்காகக் கூலி இல்லாமல் செய்துகொடுக்கும் தையலும் மாவும் ஒரு நாளில் பாதியைத் தின்றுவிடும். "அக்கா, இனிமேல் முன்பணம் கொடுத்தால்தான் எடுக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள், மீதிப் பேர் வர மாட்டார்கள், இரண்டுமே உங்களுக்கு நல்லது.

அறிகுறி: இரண்டாவது மிஷின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது

இருக்கிற மிஷின் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? விற்காத ஐட்டத்துக்காக எத்தனை மணி நேரம் ஓடுகிறது? முன்னது நிறைந்து, பின்னது பூஜ்யமான பிறகே புது மிஷினைப் பற்றிப் பேச வேண்டும். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் தொழில் நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: இந்த வேலையில் ஏற்கெனவே இறங்கியிருக்காவிட்டால், இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்து இதில் இறங்குவோமா? மாட்டோம் என்றால், அப்படியானால் இப்போது என்ன செய்யப்போகிறோம்? இதுவரை போட்ட பணத்துக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை. நான் இதை வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் கணக்கு முடிக்கும்போது, ஒவ்வொரு லைனுக்கும் ஐட்டத்துக்கும் கேட்கச் சொல்கிறேன்.

அறிகுறி: நிறுத்தியாகிவிட்டது, ஆனால் பழைய நிலை திரும்புகிறது

இரண்டு காரணம்தான். ஒன்று, நிறுத்தியதில் விடுபட்ட பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. அது தானாகவே வேறொரு புது ஐட்டத்துக்குப் போய்விட்டது. முதலில் அதிக வட்டிக் கடனை அடையுங்கள். அடுத்து, மிச்சம் வைத்த கடைகளில் சரக்கு ஒரு நாளும் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையில் இல்லை என்று சொல்லாமல் இருப்பது, தூரத்தில் புதுக் கடை பிடிப்பதைவிட மலிவான வளர்ச்சி.

இரண்டாவது காரணம், நிறுத்தியதை யாருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. கடைக்காரர் வண்டி வரும் என்று காத்திருந்து கோபப்பட்டு அழைப்பார், நீங்கள் மனசு இளகி ஒரு லோடு அனுப்புவீர்கள், லைன் மறுபடி உயிர்பெறும். மூன்று வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். கையிலிருக்கும் ஆர்டரை முடித்துக் கொடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பாக்கியை எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவருக்கு வேறொரு சப்ளைகாரரைக் கைகாட்டுங்கள். டிரைவருக்கும் பேக்கிங் பெண்களுக்கும் அவர்கள் வேலை என்னவாகும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓணம் நெருங்கும்போது விட்ட கடைகளிலிருந்து போன் வரத்தான் செய்யும். விலையும் நிபந்தனையும் முன்பே எழுதித் தயாராக வைத்திருங்கள்: அந்த லைனுக்கான விலை, ரொக்கம், ரிட்டர்ன் கிடையாது, குறைந்தது இத்தனை கிலோ. பதிவு இருந்து, பில் போட முடிகிற நிலையில் இருந்து, அவர்கள் ஒப்புக்கொண்டால் லோடு அனுப்பலாம். பதிவை விட்டுவிட்டிருந்தால் தென்காசி மொத்த வியாபாரியின் எண்ணைக் கொடுங்கள்.